வளையும் நிப்புப் பேனையும் தமிழ் எழுத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது திருமலையில், அதாவது திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். சில வருடங்களாகப் பின்னேரங்களில் வளையும் நிப்புப் போட்ட மைப்பேனையால் தமிழ் எழுதிப் பழகி வருகிறேன். தெரிந்தவர்களின் கலியாண அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதிக் கொடுப்பதும் உண்டு. அந்த உறைகளைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

வளையும் நிப்பு என்றால் என்ன? சாதாரண மைப்பேனையில் இருப்பதும் நிப்புத்தானே?

நிப்புத்தான், ஆனால் அழுத்தினால் விரியும் நிப்பு. எந்த மைப்பேனை நிப்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நடுவில் முடி மாதிரி ஒரு பிளவு நுனிவரை ஓடும், அதன் இரண்டு பக்கமும் இரண்டு கால்கள். சாதாரண நிப்பில் இந்தக் கால்கள் விறைப்பாக இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஏறக்குறைய ஒரே தடிப்புத்தான். வளையும் நிப்பில் உலோகம் மெல்லியதாக இருக்கும், அல்லது தோள் பகுதியில் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டி எடுத்திருப்பார்கள். அதனால் அழுத்தும்போது கால்கள் அகலும், கோடு தடிக்கும். கையை இலேசாக்கியதும் கால்கள் திரும்பச் சேரும், கோடு மெலியும்.

இதிலேயே முழு விசயமும் இருக்கிறது. பேனையை உங்களை நோக்கிக் கீழே இழுக்கும்போது மட்டும்தான் அழுத்தலாம். மேலே தள்ளும்போது அழுத்தினால் நுனி கடதாசியைக் குத்தும், மை தெறிக்கும், நிப்புக் கெடும். கீழே தடிப்பு, மேலே மெல்லிசு. இனி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு வரியின் விரிவுதான்.

கலிகிராஃபி என்றால் சப்பை நுனிப் பேனைதானே? இது வேறா?

இரண்டும் கலிகிராஃபிதான், ஆனால் வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. சப்பை நுனியில் தடிப்பும் மெல்லிசும் கோணத்தால் வருகின்றன. நுனியை ஒரே கோணத்தில் பிடித்தபடி எழுதினால் ஒரு திசையில் அகலமான கோடும் மறு திசையில் மெல்லிய கோடும் தானாகவே விழும், அழுத்தம் தேவையே இல்லை. பைலட் பாரலல் பேனை அந்த வகைதான், 1.5 மில்லிமீற்றரிலிருந்து 6 மில்லிமீற்றர் வரை நுனி வருகிறது. மூதூரிலோ கிண்ணியாவிலோ அரபு எழுத்தணி பழகியவர்கள் யாராவது தெரிந்தால் அவர்கள் கலம் என்ற நாணல் பேனையைப் பிடிக்கும் விதத்தைக் கவனியுங்கள். அதன் நுனி சரிவாகச் சீவப்பட்டிருக்கும், அதுவும் கோணத்தால் பேசும் பேனைதான்.

வளையும் நிப்பு கூர் நுனி. அது அழுத்தத்தால் பேசும். ஆங்கிலத்தில் காப்பர்பிளேட், ஸ்பென்சீரியன் என்று சொல்லும் சாய்ந்த எழுத்து வகைகள் இந்த மாதிரிக் கூர் நிப்பை வைத்து வளர்ந்தவை. இரண்டு பேனையையும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்று கைக்கு வந்தபிறகு மற்றதைத் தொடுங்கள், இல்லாவிட்டால் சப்பை நுனியை அழுத்தத் தொடங்குவீர்கள், கூர் நிப்பைத் திருப்பத் தொடங்குவீர்கள், இரண்டுமே பழுதாகும்.

தமிழ் எழுத்து ஓலையில் வளர்ந்தது. அதற்குத் தடிப்பு மெல்லிசு பொருந்துமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எழுத்தாணியால் ஓலையில் கீறும்போது கோடு எந்தத் திசையில் போனாலும் ஒரே தடிப்புத்தான். புள்ளியைக்கூடப் பெரும்பாலும் வைக்காமல் விட்டார்கள், ஓலை ஓட்டையாகிவிடும் என்று. வளைவும் சுழியுமாக நம்முடைய எழுத்து இருப்பதற்கும் ஓலையைக் காரணமாகச் சொல்வார்கள். அந்த வகையில் பார்த்தால் கூர் நிப்பு நமக்கு அந்நியம்தான்.

ஆனால் எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய காணி உறுதி இருக்கிறது. தொட்டெழுதும் பேனையால் யாரோ ஒரு எழுத்தர் எழுதியது. கடதாசி மஞ்சளாகி மடிப்புகளில் கிழிந்துவிட்டது, மை மண்ணிறமாகிவிட்டது. எழுத்து மட்டும் என்ன அழகு! ஒவ்வொரு ப-விலும் இடது கால் தடிப்பாக இறங்குகிறது, அடியில் மெலிந்து திரும்புகிறது, வலது கால் முடி மாதிரி மேலே ஏறுகிறது. அவர் அலங்காரமாக எழுத நினைத்திருக்க மாட்டார், எல்லைகளையும் பரப்பையும் விரைவாக எழுதி முடிக்க வேண்டிய வேலை அது. அவர் கையில் இருந்த இரும்பு நிப்பு தமிழ் எழுத்தின் ஓட்டத்தைத் தானாகவே தடிப்பும் மெல்லிசுமாக மாற்றியிருக்கிறது. அந்த உறுதியைப் பார்த்த நாள்தான் நான் இதில் இறங்கினேன்.

அதனால் என் பதில்: பொருந்தும், நன்றாகவே பொருந்தும், ஆனால் ஒரு ஒழுங்கு வேண்டும். ஆங்கில எழுத்தின் தடிப்பைக் கொண்டுவந்து தமிழ் மேல் ஒட்டக் கூடாது. கணினி எழுத்துருவில் எந்த இடம் தடிப்பாக இருக்கிறது என்று பார்த்து அதன்படி நிரப்பவும் கூடாது. உங்கள் கை அந்த எழுத்தை எந்தத் திசையில் எழுதுகிறதோ அதன்படி போங்கள். இறங்கும் இடம் தடிக்கட்டும், ஏறும் இடமும் படுக்கையாக ஓடும் இடமும் மெலியட்டும்.

சரி, எந்த எழுத்திலிருந்து தொடங்குவது?

ட. கீழே ஒரு இழுப்பு, வலது பக்கம் ஒரு ஓட்டம், அவ்வளவுதான். இறங்கும்போது அழுத்தம், மூலைக்கு வருவதற்குச் சற்று முன்பே கையை இலேசாக்கி, பிறகு வலது பக்கம் மெல்லியதாக. மூலையில் மை குளம் கட்டினால் அழுத்தத்தைப் பிந்தி எடுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு பக்கம் முழுக்க ட மட்டும் எழுதுங்கள். அதற்குப் பிறகு ப, அதில் ஏறும் கால் ஒன்று கூடுகிறது. ட-வும் ப-வும் கைக்கு வந்துவிட்டால் பாதி வந்த மாதிரி.

அதன்பிறகு நான் எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சி நம்முடைய ஊர்ப்பெயர்தான்: திருகோணமலை. சும்மா ஊர்ப்பாசத்துக்காகச் சொல்லவில்லை, அந்த ஒரு சொல்லில் தமிழ் எழுத்தின் கஷ்டங்கள் நிறைய இருக்கின்றன. தி-யின் மேல் வரும் விசிறி, ஏறும்போது மெலிந்து வளைந்து இறங்கும்போது தடிக்கும், அது எழுத்தின் மேல் ஒரு குடை மாதிரி நிற்க வேண்டும். கோ-வில் முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால், நடுவில் க, மூன்றும் ஒரே எழுத்தாகத் தெரியும்படி இடைவெளி விட வேண்டும். ண-வில் மூன்று சுழி. சுழியில் ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் மாறி மாறி வருவதால் கை ஒரு நொடிக்குள் அழுத்தி, விட்டு, அழுத்த வேண்டியிருக்கும். தொடக்கத்தில் சுழிக்குள் அழுத்தவே வேண்டாம், மெல்லியதாகவே சுற்றிவிட்டுக் கடைசி இறக்கத்தில் மட்டும் அழுத்துங்கள். சுழியின் வயிறு அடைபடாமல் வெள்ளை தெரிய வேண்டும், அதுதான் முக்கியம்.

கடைசியில் லை. இதற்கு ஒரு பழைய வடிவம் உண்டு, ல-வின் முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு சேர்ந்து வரும். 1978-ல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் லை, ளை, ணை, னை ஆகியவற்றின் தும்பிக்கை போய் இப்போதுள்ள கொம்பு வந்தது. இங்கே வயதானவர்களின் கையெழுத்தில் அந்தப் பழைய லை-யை நீங்கள் பார்த்திருக்கலாம். வளையும் நிப்புக்கு அதைப்போல் பொருத்தமான வடிவம் வேறு இல்லை என்பேன். அந்தத் தும்பிக்கை ஒரே மூச்சில் மெலிந்து ஏறித் தடித்து இறங்கும். உறைகளில் பழைய வடிவம் எழுதலாமா என்று கேட்டால், இளம் ஆட்களுக்கு வாசிக்கக் கஷ்டமாக இருக்கும் என்பதால் பெயரில் எழுதாதீர்கள். வீட்டில் மாட்டி வைக்க எழுதும்போது தாராளமாக எழுதுங்கள்.

புள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழுத்திக் குத்தாதீர்கள். நுனியைத் தொட வைத்து ஒரு சிறு வட்டமாக நிரப்பி எடுங்கள்.

எந்தப் பேனை வாங்குவது?

முதலில் ஒரு 2பி பென்சில் வாங்குங்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். அழுத்தினால் கறுக்கும், இலேசாகப் பிடித்தால் வெளிறும். கை எங்கே அழுத்துகிறது எங்கே விடுகிறது என்பதைப் பென்சில் அப்படியே காட்டிக் கொடுக்கும். இரண்டு கிழமை அதில் ட, ப எழுதிவிட்டு வாருங்கள்.

பேனை என்று வந்தால், விலை குறைந்த வகையில் நூட்லர்ஸ் நிறுவனத்தின் அஹாப் பலருக்கும் முதல் பேனை. துருப்பிடிக்காத உருக்கு நிப்பு, நன்றாக மை விடும் எபனைட் (கடின றப்பர்) நாக்கு. நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையைத்தான் நாக்கு என்கிறேன், அதுதான் மையைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அந்தப் பேனைக்குத் தொடக்கத்தில் ஒரு வாசனை இருக்கும், அது செய்யப்பட்ட பிசினின் வாசனை, நாளடைவில் குறையும். இந்தியாவில் செய்யப்படும் ஃபவுண்டன் பென் ரெவல்யூஷன் பேனைகளிலும் வளையும் நிப்பு வருகிறது, கான்பூரில் இருந்து வரும் கான்ரைட் நிப்புகளும் உண்டு. இவை எல்லாமே உருக்கு நிப்புகள், விரிக்கக் கொஞ்சம் பலமாக அழுத்த வேண்டும், நீண்ட நேரம் எழுதினால் கை களைக்கும். அதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

பைலட் ஃபால்கன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது 14 கரட் தங்க நிப்பு, அருமையான பேனை, ஆனால் அது மென்மையான நிப்பே தவிர நன்றாக விரியும் நிப்பு இல்லை. கடிதம் எழுத வாங்குங்கள், உறைகளில் பெரிய தடிப்புக்காக வாங்காதீர்கள். அதே நிறுவனத்தின் கஸ்டம் 912 பேனையில் வரும் எஃப்ஏ நிப்பு நன்றாக விரியும், நாக்குத்தான் அதற்கு ஈடுகொடுக்கக் கஷ்டப்படும்.

பழைய காலத்து வாட்டர்மேன் 52 போன்ற தங்க நிப்புகள்தான் இந்த வகையில் உச்சம், தொட்டாலே விரியும் என்று சொல்லலாம். பிறகு ஏன் அப்படிச் செய்வதை விட்டார்கள் என்றால், அலுவலகங்களில் கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுக்க விறைப்பான நிப்பு வேண்டியிருந்தது, அப்புறம் பந்துமுனைப் பேனை வந்து மைப்பேனையையே ஓரம் கட்டிவிட்டது. இப்படிப் பழைய பேனை ஒன்று உங்கள் தாத்தாவின் அலுமாரியில் கிடந்தால் எழுத முயற்சிக்கும் முன் தண்ணீரில் மெதுவாகக் கழுவிப் பாருங்கள். உள்ளே இருக்கும் றப்பர்ப் பை பெரும்பாலும் காய்ந்து உடைந்திருக்கும், மை நிரப்பப் பக்கத்தில் இருக்கும் நெம்புகோலைப் பலவந்தமாக இழுக்காதீர்கள்.

திருமலையில் கடைக்குப் போய் இவற்றைக் கேட்டு வாங்குவது கஷ்டம்தான். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வதுதான் நம்மில் பலருக்கு நடைமுறை. சாக்லேட்டுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள், பெட்டியில் இடமும் பிடிக்காது.

தொட்டெழுதும் நிப்பு மலிவாச்சே, அது போதாதா?

எழுத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் அதுதான் மேல். ஜப்பானிய ஸீப்ரா ஜி, நிக்கோ ஜி நிப்புகள் நன்றாக விரியும், உடனே சேரும், மைப்பேனையில் வரும் உருக்கு நிப்பு அதற்குக் கிட்டவும் வராது. மெல்லிய கோடு உண்மையிலேயே முடி மாதிரி வரும். விலையும் மிகக் குறைவு, கெட்டால் மாற்றிவிடலாம்.

ஆனால் மைக்கூடு, துணி, மேசை எல்லாம் வேண்டும், சில சொற்களுக்கு ஒருமுறை தொட வேண்டும். இன்னொன்று, நாம் இருப்பது கடலோரத்தில். இந்த நிப்புகள் சாதாரண உருக்கு, உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். எழுதி முடித்ததும் கழுவித் துடைத்து, மூடி இறுகும் சிறிய போத்தலில் கொஞ்சம் அரிசியோடு போட்டு வைக்கிறேன், அது கொஞ்சம் தாங்குகிறது. புது நிப்பில் எண்ணெய் பூசியிருப்பார்கள், அதை ஒரு துளி சவர்க்காரத்தால் கழுவாவிட்டால் மை உருண்டு ஓடும்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் கடற்கரையில் உட்கார்ந்தும் எழுத மைப்பேனை. கலியாண உறைக்கு வீட்டு மேசையில் தொட்டெழுதும் நிப்பு. நான் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்.

தாளை எப்படி வைப்பது? பேனையை எப்படிப் பிடிப்பது?

நிப்பின் பிளவு நீங்கள் இழுக்கும் கோட்டின் திசையிலேயே இருக்க வேண்டும். இதைக் கவனிக்காதவர்கள்தான் அதிகம். பிளவு ஒரு பக்கமும் கோடு இன்னொரு பக்கமும் போனால் ஒரு காலில் மட்டும் பாரம் ஏறும், கோட்டின் ஒரு ஓரம் வழவழப்பாகவும் மறு ஓரம் சொரசொரப்பாகவும் வரும், நாளடைவில் நிப்புக் கோணும்.

வலது கைக்காரர் பேனையைப் பிடித்தால் நுனி இயல்பாகவே இடது மேல் பக்கம் பார்க்கும். அதனால் தாளை இடப்பக்கமாகத் திருப்பி, வரிகள் இடமிருந்து வலமாக மேலே ஏறுவது போல வைக்க வேண்டும். காப்பர்பிளேட் எழுத்து 55 பாகை சாய்வு, ஸ்பென்சீரியன் 52 பாகை, அவற்றுக்குத் தாளை மிக அதிகமாகத் திருப்ப வேண்டும், அல்லது நிப்பைச் சாய்வாகப் பிடித்திருக்க ஒரு பக்கம் கொடுக்கு வைத்த சாய்வுப் பிடி வேண்டும். தமிழை நிமிர்த்தி எழுதினால் அவ்வளவு திருப்பத் தேவையில்லை, நேரான மைப்பேனையே போதும். இந்த இடத்தில் நமக்கு ஆங்கிலத்தைவிடச் சுலபம்.

பேனையை மிகவும் நிமிர்த்திப் பிடிக்காதீர்கள், சற்றுச் சரித்துப் பிடியுங்கள். அழுத்தம் சுட்டுவிரலில் இருந்து வரட்டும், விரல் நுனி வெளுக்கும் அளவுக்குப் பிடிக்க வேண்டாம்.

அழுத்தும்போது கோடு நடுவில் வெள்ளையாகி இரண்டாகப் பிரிகிறதே?

ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு. எல்லோருக்கும் வரும். கால்கள் விரியும்போது நடுவில் உள்ள இடைவெளியை மை ஒரு படலமாக நிரப்பிக்கொண்டு வர வேண்டும், மை வரும் வேகம் போதாவிட்டால் அந்தப் படலம் உடைந்துவிடும். அப்போது இரண்டு காலும் தனித்தனியாகக் கீறும்.

முதல் மருந்து மெதுவாக எழுதுவது. பத்தில் ஏழு எட்டுப் பேருக்கு இதுவே போதுமாக இருக்கும், நாம் எல்லோரும் பந்துமுனைப் பேனையின் வேகத்தில்தான் தொடங்குகிறோம். இரண்டாவது, விரிப்பதைக் குறைப்பது. நிப்பு 2 மில்லிமீற்றர் விரியும் என்று விளம்பரத்தில் சொன்னாலும் நீங்கள் 1 மில்லிமீற்றரோடு நிறுத்துங்கள். மூன்றாவது, பேனையைக் கழுவுவது, புதுப் பேனையிலும் செய்யும்போது பட்ட எண்ணெய் இருக்கும். நான்காவது, இன்னும் ஈரமான மை.

இவை எல்லாம் செய்தும் சரிவராவிட்டால், எபனைட் நாக்கு உள்ள பேனை என்றால் மட்டும், நிப்பையும் நாக்கையும் கழுத்தோடு சேர்த்துச் சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் அளவு அமிழ்த்தி எடுத்து, நிப்பை நாக்கோடு மெதுவாக அமத்திப் பிடித்து ஆற விடலாம். எபனைட் சூட்டில் இளகி நிப்போடு ஒட்டிக்கொள்ளும், இடைவெளி மறையும். பிளாஸ்டிக் நாக்குக்கு இது பலிக்காது.

என்ன மை?

ஒன்றை மட்டும் கட்டாயம் நினைவில் வையுங்கள்: இந்தியன் இங்க் என்று போத்தலில் விற்கும் ஓவிய மை, அக்ரிலிக் மை இரண்டையும் மைப்பேனைக்குள் ஊற்றவே கூடாது. அவை அரக்கோ பசையோ கலந்தவை, உள்ளே காய்ந்தால் பேனை முடிந்தது. அவை தொட்டெழுதும் நிப்புக்கு மட்டும்தான்.

மைப்பேனை மைகளில் ஈரமானது, வறண்டது என்று இரண்டு குணம் உண்டு. ஈர மை தாராளமாக ஓடும், தண்டவாளம் வராது, ஆனால் மெல்லிய கோடு கொஞ்சம் தடிக்கும். பெலிக்கான் 4001 மாதிரி வறண்ட மையில் மெல்லிய கோடு அழகாக வரும், வேகமாக எழுதினால் பிளக்கும். பழகும் காலத்தில் ஈர மை, கை மெதுவான பிறகு வறண்ட மை.

சாதாரணக் கொப்பியில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் மனம் உடைந்துவிடும். தடித்த கோட்டில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மை இறங்குகிறது. பள்ளிக் கொப்பித் தாள் அதை உறிஞ்சிப் பூஞ்சை பிடித்த மாதிரி ஓரமெல்லாம் பரவும், மறுபக்கமும் தெரியும். உங்கள் கையில்தான் பிழை என்று நினைப்பீர்கள், பிழை தாளில்.

தாளின் பாரம் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளுக்கு 80 கிராம்) என்று ஒரே மாதிரி எழுதியிருக்கும் இரண்டு பொதிகளில் ஒன்று நன்றாக இருக்கும், மற்றது ஒற்றுத்தாள் மாதிரி இருக்கும். டொமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாள் வெறும் 52 ஜிஎஸ்எம்தான், மை அதில் பரவுவதே இல்லை, தாளின் மேல் பூச்சுத்தான் காரணம். பொதியாக வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு தாள் கேட்டு, பேனையை எடுத்து அங்கேயே ஒரு ட எழுதிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

நம்முடைய வெயிலும் மழையும் பேனையைப் பாதிக்குமா?

நிறைய. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்று சூடாகவும் வறண்டும் இருக்கும், மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த சொல்லை யோசிப்பதற்குள் நுனியில் மை காய்ந்துவிடும். வளையும் நிப்பில் மை அதிகமாக வெளியே தெரிவதால் இன்னும் வேகமாகக் காயும். எழுதாத நேரம் மூடி வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள்.

வேர்வைதான் இன்னொரு எதிரி. கை பட்ட இடத்தில் எண்ணெயும் உப்பும் ஒட்டி, அடுத்த வரி எழுதும்போது அந்த இடத்தில் மை பிடிக்காமல் தாவும். கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்து எழுதுங்கள், அதுவே போதும்.

மாரியில் வேறு பிரச்சினை. ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை நின்று பெய்யும் நாட்களில் கடதாசி ஈரத்தை இழுத்துக்கொண்டு மெத்தென்று ஆகிவிடும், நேற்று நன்றாக எழுதிய அதே தாளில் இன்று மை பரவும். தாளைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் வைப்பது நல்லது.

உடல் முழுவதும் மை நிரப்பும் பேனை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மை பாதியாகக் குறைந்தபின் உள்ளே இருக்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து மையை வெளியே தள்ளும், எழுதிக்கொண்டிருக்கும் உறையின் நடுவில் ஒரு பெரிய துளி விழும். பாதி வந்ததும் நிரப்பிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பழக வேண்டும்?

இருபது நிமிடம். அதற்கு மேல் உருக்கு நிப்பில் விரல் வலிக்கும், வலியோடு எழுதினால் கெட்ட பழக்கம்தான் சேரும். முதல் ஐந்து நிமிடம் வெறும் கோடுகள்: தடித்த இறக்கம், மெல்லிய ஏற்றம், மாறி மாறி. அடுத்து முட்டை வடிவங்கள், இடப்பக்கம் இறங்கும்போது தடித்து வலப்பக்கம் ஏறும்போது மெலிய வேண்டும். மீதி நேரம் ஒரே ஒரு எழுத்து அல்லது ஒரே ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் இருந்து எழுதி மற்ற ஆறு நாளும் விடுபவர்களைவிட, தினமும் இருபது நிமிடம் எழுதுபவர்களின் கை சீக்கிரம் திருந்துவதை நான் பார்த்திருக்கிறேன். தாளில் திகதி போட்டு வையுங்கள், எறியாதீர்கள்.

பரீட்சையில் இதால் எழுதலாமா?

வேண்டாம் பிள்ளைகளே. மெதுவானது, மை காய நேரம் எடுக்கும், பக்கத்தைப் புரட்டினால் ஒட்டும். பரீட்சைக்குச் சாதாரணப் பேனை.

நான் இடது கைக்காரி. எனக்கு முடியுமா?

முடியும். கையை வரிக்குக் கீழே வைத்து எழுதுபவர் என்றால் சாய்ந்த எழுத்தில் பிளவும் கோடும் ஒரே திசைக்கு வருவது உங்களுக்கு வலது கைக்காரரைவிடச் சுலபம். அவர்களுக்குச் சாய்வுப் பிடி வேண்டும், உங்களுக்கு வேண்டாம். தாளை எந்தப் பக்கம் திருப்பினால் இறக்கக் கோடு உங்களை நோக்கி வருகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். கையை மேலே வளைத்து எழுதுபவர்களுக்குத்தான் கஷ்டம், கீழே இழுக்க வேண்டிய கோடு அவர்களுக்குத் தள்ளும் கோடாகிவிடும். அவர்கள் இந்த எழுத்துக்கு மட்டுமாவது கையைக் கீழே கொண்டுவரப் பழக வேண்டியிருக்கும்.

எப்படிக் கழுவுவது?

இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை, மை நிறம் மாற்றும்போது கட்டாயம். சாதாரணத் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடுங்கள், தெளிவாக வரும்வரை. கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கடைசித் தடவை மட்டும் போத்தல் தண்ணீர் பாவியுங்கள். பிறகு துணியில் நுனி கீழ்ப்பார்க்கச் சாய்த்து ஒரு இரவு.

நிப்பு விரிந்தே நிற்கிறது, சேரவில்லை. திருத்தலாமா?

உலோகம் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டால் அது திரும்பி வராது. என் முதல் பேனைக்கு இதுதான் நடந்தது. எவ்வளவு தடிப்பு வரும் பார்ப்போம் என்று தம்பிக்குக் காட்டுவதற்காக அழுத்தினேன், ஒரு மெல்லிய சத்தம், அதோடு சரி. கால்கள் இலேசாக மட்டும் மேல்நோக்கி வளைந்திருந்தால் விரல் நகத்தால் மெதுவாகக் கீழே அமத்திச் சேர்க்கலாம், நானும் சேர்த்தேன், ஆனால் அதன் பிறகு அது பழையபடி விரியவில்லை. உருக்கு நிப்பு என்றால் நிப்பை மட்டும் மாற்றுங்கள், பெரும்பாலான பேனைகளில் இழுத்தால் கழன்றுவிடும். தங்க நிப்பு என்றால் நீங்களே தொடாதீர்கள், நிப்புத் திருத்துபவரிடம் கொடுங்கள்.

உறையில் பெயர் எழுதும்போது பிழை வந்தால் அழிப்பது எப்படி?

அழிக்க முடியாது. பிளேட்டால் சுரண்டிப் பார்த்தேன், தாளின் மேற்பூச்சுப் போய் அதன் மேல் எழுதிய மை இன்னும் மோசமாகப் பரவியது. அதனால் யாராவது நூறு உறை எழுதக் கேட்டால் நூற்றுப் பத்து உறை கொண்டுவரச் சொல்கிறேன், பெயர்ப் பட்டியலையும் வாயால் சொல்லாமல் எழுதித் தரச் சொல்கிறேன். ல-வா ள-வா, ந-வா ன-வா, முதலெழுத்து என்ன, எல்லாம் அவர்கள் கையாலேயே எழுதி இருக்க வேண்டும். முதல் உறையில் அவர்கள் வீட்டுக்கு மூத்தவரின் பெயரை எழுதி, அது காயும்வரை இருந்து பார்த்து, அந்த உறைத் தாளில் மை எப்படி நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் இரண்டாவதை எடுக்கிறேன்.